அம்மம்மா நிறுத்தினாவா, கணினி நிறுத்தியதா?

சபையின் மூத்தவர்களுடைய சாட்சிகளை வீடியோவில் எடுத்து வைக்கும் வேலையை இந்த வருடம் வாலிபர் ஐக்கியத்தில் நாங்கள் கையில் எடுத்திருக்கிறோம். இதுவரை நான்கு பேர் பேசியிருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பதைத் தாண்டிய வயது. அந்தக் கதைகளை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க எங்களுக்கு மனம் வராது.

எடிட்டிங்கில் போட்டதும் படம் திக்கித் திக்கி ஓடியது. கமெரா இடத்தை மிச்சம் பிடிக்க எச்.264 முறையில் படத்தைச் சுருக்கி எழுதுகிறது. இடைக்கிடை ஒரு முழுப் படம். நடுவில் வருபவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நேராக ஓடவிட்டால் பிரச்சினை இல்லை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால், கணினி பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி அங்கிருந்து கணக்குப் போட்டு வரவேண்டும். பழைய லாப்டொப், பாவம், என்ன செய்யும்!

ஒரு அம்மம்மா 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இரவைச் சொல்லிக்கொண்டு வந்தா. நாவற்குழிப் பாலம் வந்ததும் பேச்சு நின்றது. "கணினி இறுகிப்போச்சு, அதை வெட்டுவம்" என்றார் எங்களில் ஒருவர். "இல்லை, அவ யோசிக்கிறா" என்றார் மற்றவர். தனியே ஓடவிட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் ஆறு மணி நேரப் பதிவில் ஒவ்வொரு மௌனத்துக்கும் அப்படி ஓடித்திரிய முடியுமா?

அன்றிரவே எல்லாவற்றையும் டிஎன்எக்ஸ்எச்டி கோப்புகளாக மாற்றினோம். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் புரோரெஸ் பாவிக்கலாம். இவற்றில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி முழுப் படம். மாற்றியதால் படத்தின் தெளிவு கூடாது, இடம்தான் போகும். இங்கே பிரித்தானியாவில் நாங்கள் எடுக்கும் 25 பிரேம் முழு எச்டிக்கு, புரோரெஸ் 422 மணிக்கு ஏறக்குறைய 55 ஜிபி பிடிக்கும்.

போனில் எடுத்த இரண்டாவது கோணம் வேறு தலையிடி. போன் தன் வசதிக்குப் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். போகப்போக உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்தைத் தெரிந்து மாற்றியபின்தான் அது சரிவந்தது.

மாற்றிய கோப்பில் பார்த்தோம். அம்மம்மாவின் விரல்கள் கைலேஞ்சியை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தன. பதினொரு செக்கன். பிறகுதான் தன் தகப்பனின் பெயரைச் சொன்னா. அந்தப் பதினொரு செக்கனிலும் நாங்கள் கைவைக்கவில்லை.

மாற்றிய கோப்புகளை வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். கமெராவின் மூலக் கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கின்றன. இன்னும் மூன்று பேர் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் சும்மா கிடக்கிற வன்தட்டு இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் எங்களைப் பிடியுங்கள்.