கேட்பதற்குக் கூலி

பழைய மோட்டார்ஹோமில் எஞ்சினைப் பார்க்க முன்பக்கம் போய்ப் பயனில்லை. அங்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னக் கதவுதான் இருக்கும். எஞ்சின் கிடப்பது உள்ளே, ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, கார்ப்பெட் ஒட்டிய ஒரு பெட்டி மூடிக்கு அடியில். அந்த மூடியை இங்கே டாக்ஹவுஸ் என்கிறார்கள். கொக்கிகளைக் கழற்றித் தூக்கினால் கூடத்தின் நடுவில் 7.4 லிட்டர் செவர்லே எஞ்சின். நாலடி தள்ளி சோபா, கேஸ் அடுப்பு, சுவரில் பேரன் பேத்தி படங்கள். மெக்கானிக் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஓட்டுநர் இருக்கையில். எண்ணெய் படக்கூடாதென்று வீட்டுக்கார அம்மாள் பழைய போர்வை ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட். பீனிக்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஐ-10 நெடுஞ்சாலையில் உள்ள பாலைவன ஊர். கோடையில் ஈ காக்கை இருக்காது. குளிர்காலம் வந்தால் வடக்கே பனிக்குத் தப்பிய ஓய்வூதியக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பொட்டல், மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமானது. அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்கலாம். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் வண்டி வாசலுக்கு வராது. (ஊரின் பழைய இடுகாட்டில் உச்சியில் ஒட்டகம் நிற்கும் கல் பிரமிடு ஒன்று உண்டு. 1850களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தபோது அவற்றை மேய்க்க வந்த ஹாஜி அலியின் சமாதி அது. பாரவண்டிக்கு ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவனுக்கு அன்றும் இந்த ஊரில் மரியாதை இருந்திருக்கும்.)

நான் ஒட்டிக்கொண்டு போன மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர், ராணுவத்தில் லாரி பார்த்தவர். கடை கிடையாது. ஒரு வேன், அதன் வயிறு நிறைய டிராயர்கள், கூடவே தொழில் பழகும் அக்கா மகள். கூப்பிட்ட வண்டியிடம் இவர்கள்தான் போவார்கள். அன்று கூப்பிட்டது 1980களின் நடுவில் வந்த ஒரு வண்டி: செவர்லே பி-30 சேசிஸ், 454 எஞ்சின், கார்புரேட்டர், டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வண்டிக்கார தம்பதிக்கு வேறு வீடு இல்லை. வழியில் ஒரு பட்டறையில் சத்தத்தை வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு, “ராடு பேரிங் போச்சு, எஞ்சினை மாற்றணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எஞ்சினை இறக்கினால் அத்தனை நாளும் இவர்கள் எங்கே படுப்பது என்பதைப் பற்றி அந்தப் பட்டறையில் யாரும் பேசவில்லை.

மெக்கானிக் டாக்ஹவுஸைத் தொடவே இல்லை. மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். முதலில் எப்போது கேட்டது? ஏற்றத்திலா, நிற்கும்போதா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் அதிகமா, சூடான பிறகா? கியரில் போட்டால் மாறுகிறதா? பெரியவர் ஒரு பதில் சொன்னால் அம்மாள் அதைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. இண்டியோவை விட்டு சிரியாகோ சம்மிட் மேட்டில் ஏறியபோது, கடல்மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து 1,700 அடி உயரத்துக்கு, பெரியவர் கேட்டது ‘கிலுகிலு’ என்ற மெல்லிய சத்தம். வண்டி நிற்கும்போது அம்மாள் கேட்பது ‘டொக் டொக்’ என்ற கனத்த சத்தம். கூப்பிட்டபோது சொன்ன புகார் ஒன்று, இப்போது இரண்டு நோயாகிவிட்டது.

கிலுகிலுவுக்கு இரும்பு காரணமில்லை, நெருப்புதான் காரணம். பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் எல்லை மீறினால், மூலையில் காத்திருக்கும் மிச்சக் கலவை தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி விநாடிக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல் அதிரும். நாம் கேட்பது அதைத்தான். மோட்டார் தொழிலின் பெரிய பாவம் ஒன்று இந்தச் சத்தத்தை அடக்கப் போய் வந்தது. 1921 டிசம்பரில் டேட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் சொட்டு விட்டுப் பார்த்தார், தட்டல் நின்றது. அதன்பிறகு பல தலைமுறை உலகம் ஈயத்தைச் சுவாசித்தது. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996 முதல் அது முழுத் தடை, இந்தியாவில் 2000 முதல்.

டொக் டொக்குக்கு வருவோம். பயம் எல்லாம் அதில்தான். கனெக்டிங் ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள பேரிங்கில் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதில் நிற்கும் எண்ணெய்ப் படலம் ஓட்டத்தில் இரும்பை இரும்பு தொடவிடாது. இடைவெளி பெருகினால் ராடு கிராங்கை அடிக்கத் தொடங்கும். அப்புறம் எஞ்சினுக்கு ஆயுள் கொஞ்சம்தான்.

முதலில் எண்ணெய். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் எஞ்சினிலேயே தனி கேஜ் ஒன்றைத் திருகினார். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பவுண்டு அழுத்தம் இருந்தால் போதும் என்பது இவர்கள் வாய்ப்பாடு. அதைவிட நிறையவே இருந்தது. அக்கா மகள் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, டின் கட்டர் மாதிரி ஒரு வெட்டுக்கருவியால் அதன் கழுத்தைச் சுற்றி அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை உருவினாள். வைஸில் வைத்து எண்ணெயைப் பிழிந்துவிட்டு, வெயிலில் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். பேரிங் தேய்ந்திருந்தால் செம்பு நிறத்தில் துகள் மின்னும். கரிதான் இருந்தது. அவள் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டார்கள். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் ஊமை, சத்தம் மட்டும் அப்படியே. அடுத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பொறியை நிறுத்துவது. ராடு பேரிங் என்றால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் தட்டல் தணியும். எட்டையும் நிறுத்திப் பார்த்தாயிற்று, எதிலும் தணியவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது டைமிங் லைட் வேலை. அதன் கிளிப்பை ஒரு பிளக் வயரில் மாட்டினால், அந்தப் பிளக் பொறி தட்டும்போதெல்லாம் விளக்கு பளிச்சிடும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு பிளக்குக்கு ஒரு பொறி. ஒரு பளிச்சுக்கு ஒரு தட்டல் கேட்டால் சத்தம் கேம்ஷாஃப்ட் வேகத்தில் வருகிறது. வால்வு, டேப்பட், பெட்ரோல் பம்பின் கை என்று மேலே தேடலாம். ஒரு பளிச்சுக்கு இரண்டு தட்டல் என்றால் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. அவள் விளக்கைப் பிடிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். இரண்டு.

பிறகு வண்டிக்கு அடியில். ஸ்டெதஸ்கோப் இருந்தும் நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காது எலும்பில் வைத்துத்தான் கேட்டார். நாமக்கல்லில் லாரி மேஸ்திரிகள் செய்வதும் இதேதான்; என்னையும் கேட்கச் சொன்னார். எஞ்சினின் முன்பக்கம் அடக்கமாக இருந்தது. பின்னால் கியர்பாக்ஸைச் சேரும் பெல்ஹவுசிங்கில் வைத்தபோது பல் கூசியது.

மேனுவல் கியர் வண்டியில் கனமான ஃபிளைவீல் இருக்கும் இடத்தில், ஆட்டோமேட்டிக்கில் தோசைக்கல்லைவிட மெல்லிய இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். ஃபிளெக்ஸ் பிளேட். கிராங்கின் பின்முனையில் ஆறு போல்ட்டால் இறுக்கியிருக்கும், எஞ்சினின் இழுவை முழுவதும் அதன் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகும். நடுவில் விரிசல் விட்டால் ராடு பேரிங் போலவே டொக் டொக்கென்று தட்டும். அனுபவசாலிகளே ஏமாந்து நல்ல எஞ்சினைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அடி மூடியைக் கழற்றி, சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாகப் பார்த்ததில் போல்ட்டைச் சுற்றி மயிரிழையாக ஒரு கோடு, அதன் ஓரத்தில் செந்துருப் பொடி. உரசும் இரும்பு உதிர்க்கும் பொடி அது. “எஞ்சினுக்கு ஒன்றுமில்லை” என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். அம்மாள் சமையலறைப் பக்கம் போய்விட்டார். பெரியவர் உடனே விலை கேட்டார்.

இத்தனையும் பார்க்கப் பகலில் பாதி போயிருந்தது, ஒரு பாகம்கூட மாறவில்லை. இந்தத் தொழிலின் அநியாயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதுப் பாகத்துக்குப் பணம் தர யாரும் தயங்குவதில்லை, கையில் பிடித்துப் பார்க்கலாமே. சத்தத்தைக் கேட்டு, இது இல்லை, இதுவும் இல்லை என்று விலக்கிக்கொண்டே போன நேரத்துக்குப் பில் போட்டால் முகம் சுருங்குகிறது. அதனால்தான் பல பட்டறைகள் கேட்பதையே விட்டுவிட்டு, மாற்றுவதை மட்டும் தொழிலாக வைத்திருக்கின்றன. மாற்றியதும் ஏதோ ஒரு பாகத்தோடு நோயும் போய்விடும், பில்லிலும் சண்டை வராது.

கழற்றும் வேலை மறுநாள். சரளைமேல் பிளைவுட் பலகை விரித்து, ஜாக்கியில் ஏந்தி, கியர்பாக்ஸைப் பின்னுக்குத் தள்ளினார்கள். தட்டு வெளியே வந்ததும் ஆறு போல்ட் ஓட்டைகளில் நாலைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது தெரிந்தது. காரணமும் கூடவே கிடைத்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக நிறுத்த இரண்டு டவல் பின்கள் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. முன்பு கியர்பாக்ஸைக் கழற்றிய யாரோ மாட்ட மறந்திருக்கிறார்கள். கோணலாகச் சுற்றிச் சுற்றித் தட்டு களைத்துப்போயிருக்கிறது.

பக்கத்து ஊரான பிளைத்திலிருந்து வந்த புதுத் தட்டை அக்கா மகள் கையில் வாங்கிய உடனே திருப்பி அனுப்பினாள். அது 427 எஞ்சினின் தட்டு. ஓட்டைகள் பொருந்தும், மாட்டலாம். ஆனால் 454-இன் கிராங்குக்குச் சமன் எடை எஞ்சினுக்குள்ளேயே முடிவதில்லை. ஒரு பங்கு முன்னால் உள்ள டேம்பரிலும் இன்னொரு பங்கு இந்தத் தட்டில் வெல்டு செய்த இரும்புத் துண்டிலும் இருக்கிறது. துண்டில்லாத தட்டை மாட்டினால் தட்டல் போய் நடுக்கம் வரும். மாமா பாராட்டவில்லை, டவல் பின்னைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஆனால் சரியான தட்டு வந்ததும் டார்க் ரெஞ்சை அவள் கையில் கொடுத்தார்.

கிலுகிலுவுக்கு அதே டைமிங் லைட்டே போதுமானதாக இருந்தது. ஸ்டிக்கரில் போட்ட அளவைவிட இக்னிஷன் டைமிங் ஆறு டிகிரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இழுவை கூடும் என்று எந்த நண்பரோ திருகிவிட்டது. டிஸ்டிரிபியூட்டரைத் தளர்த்தி, விரல் அகலம்கூட இல்லாமல் திருப்பி, இறுக்கினார்.

ஐ-10இல் மேற்கே டோம் ராக் மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்தும் கிலுகிலு இல்லை. நின்றபோது டொக் டொக் இல்லை. ஆனால் ‘டிக் டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. பெரியவர் முகம் மாறிவிட்டது. எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டின் கடைசி போல்ட் தலை ஒடிந்து புகை கசிகிறது, சூடேறினால் அடங்கும், 454-இல் இது ஊர் அறிந்த வியாதி என்றார் மெக்கானிக். புகை உள்ளே வராமல் டாக்ஹவுஸ் ரப்பரை மாற்றச் சொல்லி, உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். போல்ட்டைத் துளைத்து எடுக்க அரை நாள் ஆகும். பிப்ரவரியில் யூமா போய்விட்டுத் திரும்பும்போது செய்யலாம் என்று முடிவானது.

பில்லில் தட்டுக்கு ஒரு வரி, கழற்றி மாட்ட ஒரு வரி, கண்டுபிடித்ததற்கு ஒரு வரி. பெரியவர் மூன்றாவது வரியில் விரலை வைத்து, “இது என்ன?” என்றார். மெக்கானிக் பதில் சொல்வதற்குள் அம்மாள் பணப்பையோடு வந்து, பழைய பட்டறை எழுதிக் கொடுத்த எஞ்சின் விலைச் சீட்டை அவர் முன்னால் வைத்தார்.