டெபாசிட் என்கிற மூன்றாவது வரி

யூரின் டெஸ்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் மூன்றே சொற்கள் இருக்கும்: ஆல்புமின், சுகர், டெபாசிட். முதல் இரண்டையும் இன்றைக்கு ஒரு பட்டை சொல்லிவிடுகிறது. மூன்றாவதற்கு ஒரு ஆள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வேண்டும். அந்த வரியில் ‘பஸ் செல் 2–4, எபிதீலியல் செல் 1–2’ என்று எழுதிய ரிப்போர்ட் அனேகமாக உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கும். உண்மையிலேயே அப்படி வரும் சாம்பிள்கள் ஏராளம்தான். ஆனால் ஒரு லேபில் நாள் முழுக்க வந்த எல்லாருக்குமே 2–4 என்றால், லென்ஸை யாரும் தொடவில்லை என்று பொருள். டெக்னீஷியனான நானே இதைச் சொல்வது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நாங்கள் படித்த காலத்தில் சுகர் பார்க்க பெனடிக்ட் கரைசல்தான். மயில்துத்தம் கலந்த அந்த நீலத் தண்ணீர் 5 மில்லி, அதில் சிறுநீர் 8 சொட்டு, பிறகு கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. ஆல்புமினுக்கு டெஸ்ட் டியூபின் மேல்பாதியை மட்டும் சூடுகாட்டுவோம். மேலே கலங்கும், கீழே தெளிவாக நிற்கும். உடனே ‘புரோட்டீன்’ என்று எழுதிவிடக் கூடாது. சில சொட்டு அசிட்டிக் ஆசிட் விட்டால் பாஸ்பேட்டால் வந்த கலங்கல் கரைந்துபோகும், புரோட்டீன் கலங்கல் நிற்கும். இதற்கும் முந்திய மரபு ஒன்று நம்மிடம் உண்டு. சித்த மருத்துவர்கள் சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொன்னார்கள். நெய்க்குறி என்ற அந்த முறையை என் தராசில் நிறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் சாம்பிளை அவசரப்படாமல் உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் அதில் இருந்தது.

1956-இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ என்ற அமெரிக்கத் தம்பதியின் ஆய்வில் பிறந்த சர்க்கரைப் பட்டை சந்தைக்கு வந்தது. முக்கி எடுத்தால் போதும், அடுப்பு வேண்டாம். இன்று ஒரே பட்டையில் பத்துக் கட்டம். நான் பட்டைக்கு எதிரியில்லை. ஆனால் அதற்கும் பலவீனங்கள் உண்டு. வைட்டமின் சி மாத்திரையை நிறையச் சாப்பிட்டவரிடம் சர்க்கரையும் ரத்தமும் இருந்தாலும் கட்டம் நிறம் மாறாமல் போகலாம். நைட்ரைட் கட்டம் மாற, கிருமி இருக்கும் சிறுநீர் பையில் நாலு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். எரிச்சலில் அரை மணிக்கு ஒருமுறை போகிறவரிடம் அது எப்படித் தங்கும்? ரத்தக் கட்டம் அடர் பச்சையாகிறது, லென்ஸில் பார்த்தால் ஒரு சிவப்பணு கூட இல்லை. அங்கேதான் உஷாராக வேண்டும். அணு உடைந்து ஹீமோகுளோபின் வருகிறது, அல்லது தசை நைந்து மயோகுளோபின் வருகிறது. பாம்புக்கடி கேஸில் இது சாதாரண செய்தி அல்ல. ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன் போக வேண்டும்.

இனி டெபாசிட். நன்றாகக் கலக்கிய சாம்பிளில் 10 மில்லி, சென்ட்ரிஃபியூஜில் 5 நிமிடம், சுற்று சுமார் 1500. மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் அரை மில்லியைத் தட்டிக் கலக்கி ஒரு சொட்டு ஸ்லைடில், மேலே கவர் ஸ்லிப். இங்கே பலர் விடும் பிழை வெளிச்சம். ரத்த ஸ்மியர் பார்க்கிற அதே பளீர் வெளிச்சத்தில் பார்த்தால் ஹையலைன் காஸ்ட் கண்ணுக்கே தெரியாது. கண்டென்சரை இறக்கி, வெளிச்சத்தை மங்கலாக்கி, முதலில் சின்ன லென்ஸில் கவர் ஸ்லிப்பின் ஓரங்களைச் சுற்றிவர வேண்டும். காஸ்ட்டுகள் ஓரத்துக்கு ஒதுங்கும். பிறகுதான் 40-க்குப் போவது.

காஸ்ட் என்பது சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் ஒரு புரதம் உறைந்து, அந்தக் குழாயின் வடிவத்திலேயே வெளியே வரும் வார்ப்பு. உறையும்போது அங்கே என்ன இருந்ததோ அதையும் உள்ளே பிடித்துக்கொண்டு வரும். அதனால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம். சிவப்பணு தனியாகத் தெரிந்தால் அது கல்லாலும் வரலாம், பையில் புண்ணாலும் வரலாம். காஸ்ட்டுக்குள் அடுக்கி வந்தால் ரத்தம் கசிந்த இடம் சிறுநீரகம்தான்.

ஒரு பையன் வந்தான், எட்டு வயதிருக்கும். முகம் ஊதியிருந்தது, சிறுநீர் கடுங்காப்பி நிறம். கையில் வேறொரு லேபின் ரிப்போர்ட், ‘பஸ் செல் 8–10’ என்பதோடு முடிந்திருந்தது. அதை வைத்து யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. “சிரங்கு ஏதும் வந்துச்சாம்மா?” என்றேன். “போன மாசம் காலெல்லாம் சிரங்கு சார், இப்ப ஆறிடுச்சு” என்றார் அம்மா. ஸ்லைடின் ஓரத்தில் ஆரஞ்சு கலந்த பழுப்பில் ஒரு உருளை, உள்ளே அணுக்கள் வட்டம் வட்டமாக. பக்கத்தில் கோணலாக நெளிந்த தனிச் சிவப்பணுக்கள். டாக்டரைக் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்க வைத்தேன். சிரங்குக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சி. அன்றே பிரஷர் பார்த்து அட்மிஷன் போட்டார்கள்.

கிரிஸ்டல்களைப் பற்றி ஒரு வார்த்தை. கால்சியம் ஆக்ஸலேட் தபால் உறை வடிவில் அழகாக மின்னும். அதைப் பார்த்ததும் கல் என்று பயப்பட வேண்டாம், கீரை தின்றவருக்கும் வரும். ஆறுகோணத் தகடாக சிஸ்டின் தெரிந்தால் மட்டும் விடக் கூடாது. அது பரம்பரை நோய். பஸ் செல்லோடு எபிதீலியல் செல்லும் கும்பலாக வந்தால் நான் ரிப்போர்ட்டே எழுதுவதில்லை. வேறு சாம்பிள் கேட்பேன். தோலில் இருந்து கலந்ததற்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

ஆகவே டெஸ்டுக்குப் போகிறவர்களிடம் சில வேண்டுகோள். ஜாம் பாட்டில், டானிக் பாட்டில் வேண்டாம். லேபில் தரும் டப்பாதான். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். மாதவிலக்கு நாளென்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். டிபி மாத்திரையோ வைட்டமின் மாத்திரையோ சாப்பிட்டாலும் சொல்லுங்கள். காலையில் பிடித்ததை வண்டி டிக்கியில் வைத்து மதியம் கொண்டுவந்தால் கிருமி பெருகியிருக்கும், காஸ்ட் கரைந்திருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும். என்ன லென்ஸ் இருந்தும் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாது என்றால் நேரே லேபுக்கே வந்துவிடுங்கள். பாத்ரூம் எங்களிடமே இருக்கிறது.