பவழமல்லி அடியில் குளவிகள்

திருவையாற்றில் காவிரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டின் கொல்லையில் பவழமல்லி மரம் ஒன்று உண்டு. விடியுமுன் உதிரும் அதன் மலர்களைப் பொறுக்கித் தொடுத்து ஐயாறப்பர் சந்நிதிக்கு அனுப்புவது அவ்வீட்டுப் பாட்டியின் நித்தியக் கடமை. தரையில் விழுந்த மலர் பூசைக்கு ஆகாது என்னும் வழக்கிற்குப் பவழமல்லி விலக்குத்தான். ஆயினும் மரத்தடியை ஒரு சருகும் இன்றிப் பெருக்கி வைப்பார்.

ஆவணியில் ஒருநாள் அம்மணலில் பென்சில் நுழையுமளவு துளைகள் காணப்பட்டன. நூல்போன்ற இடையும் செந்நிற வயிறும் கொண்ட குளவிகள் அவற்றைத் தோண்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, இன்றிரவே மண்ணெண்ணெய் ஊற்றிவிடுகிறேன். குழந்தை வெறுங்காலோடு பூப்பொறுக்க வருகிறானே" என்றார் மகன். அச்சம் நியாயமானதே. பாட்டிக்கோ மனம் ஒப்பவில்லை. உயிர்களை மாய்த்த மண்ணில் எடுத்த பூவை ஈசனுக்கு எவ்வாறு சாற்றுவது? அப்பர் பெருமான் களிறும் பிடியுமாக, குயிலும் பேடையுமாகக் கயிலைக் காட்சி கண்ட ஊர் அல்லவா இது! "அதில் குளவி இல்லையே, பாட்டி" என்றான் பேரன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் தவணை கேட்டார் பாட்டி.

மகனே அருகில் அமர்ந்து கவனித்தார். ஒரு துளைக்கு ஒரு குளவி; கூட்டமும் இல்லை, காவலும் இல்லை. இவை தனித்து வாழும் வேட்டைக்குளவிகள். கையில் பிடித்தாலோ மிதித்தாலோ அன்றிக் கொட்டுவது அரிது. ஒரே துளையில் பல குளவிகள் ஓயாது போய்வந்தால் அது கதண்டாக இருக்கலாம். அதன் அருகே போகாமல் தீயணைப்புத் துறையினரை அழைப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

அன்று ஒரு குளவி தன்னைவிடப் பெரிய பச்சைப்புழுவை இழுத்து வந்தது. பாட்டி மகிழ்ந்து, தாம் பலகாலமாகக் கூறிவரும் கதையைத் தொடங்கினார்: குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிவிடும், குருவும் சீடனை அவ்வாறே ஆக்குவார். பேரன் தயங்கிச் சொன்னான்: "இல்லை, பாட்டி. கொட்டுவது புழு அசையாதிருக்க. பிறகு அதன்மேல் முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளரும். பள்ளியில் சொன்னார்கள்."

பாட்டி அன்றிரவு சரியாக உண்ணவில்லை. எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்ன கதை!

மறுநாள் முதல் அவர் பெருக்குவதை நிறுத்தினார். காய்ந்து வெறுமையாய்க் கிடக்கும் மணலையே இக்குளவிகள் நாடும்; துடைப்பமே அவற்றை அழைத்திருந்தது. சருகைப் பரப்பி, மாலைதோறும் நீர் தெளித்து, இரவில் அதன்மேல் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தார்கள். பூ வேட்டியில் விழுந்தது. பேரன் செருப்போடு வந்து, விளிம்பில் நின்றே பொறுக்கினான். மூடிய துளைகளை எவரும் கிளறவில்லை. புதிய துளைகள் மதிலோரத்து வறண்ட மணலில் தோன்றின. அவ்விடத்தைப் பாட்டி அப்படியே விட்டுவிட்டார்.

புரட்டாசியில் தெருப்பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொல்ல நேர்ந்தது. குளவி கொட்டும் இடத்தில் சற்று நிறுத்திப் பேரனைப் பார்த்தார். பின்பு, "சில நாளில் துளை திறந்தது. புழு இல்லை, குளவி இருந்தது" என்று மட்டும் சொன்னார்.