கட்டுமரத்துக்கு வழி விடுங்கள்

வானூர் என்னும் ஊருக்குக் கடல் கிடையாது. வானூர்த் தாலுகாவுக்கோ கடலும் உண்டு, மீனவர் குப்பங்களும் உண்டு. ஆகவே அங்கே ஒரு நாள் சுற்றினால் இரண்டு விதமான மரங்களைப் பார்த்துவிடலாம். சென்ற மாசி மாதத்தில் நாம் குடும்ப சகிதம் அவ்விதமே சுற்றினோம். காலையில் திருவக்கரையிலே, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாய்ச் சமைந்துவிட்ட மரங்களைக் கண்டோம். மாலையில் பொம்மையார்பாளையத்துக் கரைக்கு வந்தோம். கயிற்றால் பிணைத்த கட்டுமரம் ஒன்று அலையோடு ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. இங்கிலீஷ் அகராதிக்குத் தமிழ் கொடுத்த சொற்களுள் இந்தக் கட்டுமரமும் ஒன்றல்லவா? அதன்மேல் வயோதிகர் ஒருவர் முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டுக் கொண்டிருந்தார்.

திடீரென்று தெற்கேயிருந்து ஒரு பேரிரைச்சல் கேட்டது. மோட்டார் சைக்கிள்தான் வழி தவறிக் கடலில் இறங்கிவிட்டதோ என்று திகைத்தோம். வந்தது ஜெட் ஸ்கி. பெரியவருக்குப் பின்புறமாகப் பத்து முழத் தூரத்தில் சீறிப் பாய்ந்து, கையையும் அசைத்துவிட்டுப் போயிற்று. அது கிளப்பிய அலை பக்கவாட்டில் மோதவே, பெரியவர் தண்ணீரில் விழுந்தார். நம் வீட்டுப் பெண்கள் அலறிவிட்டார்கள். நல்ல வேளை, அவர் மரத்தைப் பற்றி ஏறிக்கொண்டார். அன்று பிடித்த மீன் மட்டும் கடலோடு போயிற்று.

கரைக்கு வந்தவரிடம், "பயந்துவிட்டீர்களா, பெரியவரே?" என்றோம்.

"அலைக்குப் பயமில்லீங்க ஐயா. அலை வர்றது கண்ணுக்குத் தெரியும். இது எங்கேருந்து வரும், எப்பத் திரும்பும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. ஜெட் ஸ்கி அடியில் நீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சியடித்து ஓடும் யந்திரம். பீச்சும் குழாய் திரும்பினால்தான் வண்டி திரும்பும். எதிரே ஆளைக் கண்டு பதறி விசையை விட்டுவிட்டால், பீச்சும் நீர் நின்றுபோகும். பிறகு கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் பல வண்டிகள் நேராகவே போய் முட்டும். அருகே வந்து வேகத்தைக் குறைத்தாலும் தொல்லைதான். வண்டியின் பின்பாகம் தாழ்ந்து, அலை முன்னிலும் பெரிதாக எழும். ஆகையால் வெகு தூரத்திலேயே வேகத்தைத் தணித்து, எப்பக்கம் போகிறோம் என்பது துடுப்புக்காரருக்குத் தெரியும்படி நன்றாக விலகிச் செல்ல வேண்டும். வலையின் மிதவைகளுக்கு அருகில் போகவே கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, யந்திரக் கலம் பாய்மரக் கலத்துக்கும், வலை விரித்து மீன்பிடிக்கும் கலத்துக்கும் வழிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வேகமாய்ச் செல்லும் கலம் நீரிலுள்ள மனிதரை விட்டு 60 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சர்வதேச விதியிலே, வெறும் துடுப்போடு வீடு திரும்புகிறவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்தில் மரியாதைதான் பேச வேண்டும். குறுகிய தெருவில் குடம் சுமந்து வரும் பெண்ணைக் கண்டால், நம் வண்டிக்காரன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. மாட்டை இழுத்துப் பிடிக்கிறான்.

விடுமுறைக்கு இக்கரைப் பக்கம் வரும் நேயர்கள், ஜெட் ஸ்கியில் ஏறுமுன் கடலில் எத்தனை மரங்கள் மிதக்கின்றன என்று ஒரு முறை எண்ணிக்கொள்ளட்டும். நமக்கு அது அரை மணி நேர விளையாட்டு. பெரியவருக்கோ அன்றையச் சோறு.