அழுத்துறது ஈஸி, எடுக்குறதுதான்...

கீபோர்டு பெடல்னா என்னங்க? ஒரு சுவிட்ச். காலிங்பெல் சுவிட்ச் மாதிரிதான். மிதிச்சா ஒண்ணு, விட்டா ஒண்ணு. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு நினைக்கிறவங்க எங்கப்பா காலைப் பார்க்காதவங்க.

முதல்ல பெடல் என்ன செய்யுதுன்னு சொல்லிடறேன். நிஜ பியானோவுல தந்தி மேல ஃபெல்ட் ஒட்டின ஒரு துண்டு உக்காந்திருக்கும். டேம்பர்னு பேரு. கட்டையை அமுக்கினா எழும்பும், விட்டா மறுபடி உக்காந்து சத்தத்தை நிறுத்திடும். வலதுபக்கப் பெடலை மிதிச்சா எல்லா டேம்பரும் ஒண்ணா எழும்பிடும். கையை எடுத்தாலும் நாதம் நிக்கும். நம்ம எலக்ட்ரானிக் கீபோர்டுல தந்தியும் இல்லை, டேம்பரும் இல்லை. பெடல்லேருந்து ஒயர் வழியா ஒரு தகவல் போகுது, அவ்வளவுதான். மிடி பாஷையில அதுக்கு 64ங்கிற நம்பர். மதிப்பு 63 வரைக்கும் இருந்தா 'விட்டாச்சு', 64லேருந்து 127 வரைக்கும் 'மிதிச்சாச்சு'.

இதுல ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. பியானோ சத்தத்துல பெடலை மிதிச்சபடியே இருந்தாலும் நாதம் தானா தேய்ஞ்சு அடங்கிடும். ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் சத்தம் வச்சு வாசிச்சா அப்படி இல்லை. காலை எடுக்குற வரைக்கும் ஒலிச்சுக்கிட்டே இருக்கும். அடுத்த கார்டும் அதுமேல ஏறும், அதுக்கடுத்ததும் ஏறும். நாலாவது கார்டுல பஸ் ஸ்டாண்டு. அதனால பெடல் வாசிக்கிற வித்தை முழுக்க மிதிக்கிறதுல இல்லை, எடுக்குறதுல இருக்கு. புது கார்டை அமுக்குற அதே நொடியில கால் மேல வரணும், உடனே திரும்பக் கீழ போகணும். கேக்க ஈஸியா இருக்கும். செஞ்சு பாருங்க :-)

இப்ப அப்பாவுக்கு வர்றேன். பாளையங்கோட்டைப் பக்கம் எங்க ஊர். அப்பா ஸ்கூல் வாத்தியார், ஞாயித்துக்கிழமை கோயில்ல ஹார்மோனியம். கையால துருத்தி போடுற பெட்டி இல்லை, கால் ஹார்மோனியம். ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிச்சு காத்தடிக்கணும், ரெண்டு கையும் வாசிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல பாமாலையும் கீர்த்தனையும் அந்தக் காலுக்குள்ள ஊறிப்போயிருந்தது. 2022ல பக்கவாதம். வலது பக்கம். கை நல்லாவே தேறி வந்துடுச்சு. கால்தான் பாக்கி. கீழ மிதிக்க முடியும். பாதத்தை மேல தூக்குறதுதான் கஷ்டம். நடக்கும்போது கட்டைவிரல் தரையைத் தேய்ச்சுக்கிட்டே வரும்.

இதுக்கு நடுவுல கோயில்ல ஹார்மோனியம் ஓரமா போயிடுச்சு, கீபோர்டு வந்துடுச்சு. வாசிக்கிற பையன் அப்பாகிட்ட படிச்சவன்தான். "சார், நீங்க வந்து உக்காருங்க"ன்னு அவனேதான் கூப்பிட்டான். அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா வீட்டுல அக்காகிட்ட போன்ல ஒரு கீபோர்டு என்ன விலைன்னு கேட்டிருக்கார். தனக்கு வேணும்னு எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். அக்கா மறுவாரமே யமஹா பிஎஸ்ஆர்-இ373 வாங்கி அனுப்பிட்டா. கோயில்லயும் அதே மாடல்தான். அத்தான் தன் பங்குக்கு ஒரு பெடலும் சேர்த்து அனுப்பினார். சின்னதா, சதுரமா, சோப்பு டப்பா சைஸ்ல.

பெடலைச் சொருகினதும் அப்பா செஞ்ச முதல் வேலை, துருத்தி மிதிக்கிற மாதிரி அதை மிதிக்க ஆரம்பிச்சதுதான். பாட்டுக்கு விக்கல் வந்த மாதிரி இருந்தது. அது ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. அதைவிடப் பெரிய பிரச்சினை வேற. ஒருநாள் நல்லா வேலை செய்யும், மறுநாள் தலைகீழா இருக்கும். மிதிச்சா சத்தம் நிக்கும், விட்டா இழுக்கும். "இதுக்குப் பேய் புடிச்சிருக்குலே"ன்னு அப்பா போன் பண்ணினார்.

பேயெல்லாம் இல்லை. பெடல் சுவிட்ச்சுல ரெண்டு ஜாதி உண்டு. மிதிக்காம இருக்கும்போது உள்ளே ஒயர் சேர்ந்திருக்கிறது ஒண்ணு. யமஹாவோட எஃப்சி5 இந்த ரகம். மிதிச்சாத்தான் சேர்றது இன்னொண்ணு. காசியோவோட எஸ்பி-3 அந்த ரகம். எது சொருகியிருந்தாலும் சமாளிக்க நிறைய கீபோர்டுங்க ஒரு தந்திரம் பண்ணுது. ஆன் பண்ற நிமிஷத்துல ஜாக்குல என்ன நிலைமைன்னு பார்த்து, அதையே 'மிதிக்காத நிலை'ன்னு வச்சுக்கும். அதனால ஆன் பண்ணும்போது பெடல்ல கால் வைக்காதீங்கன்னு இ373 கையேட்டுலயே போட்டிருக்கான். கால் ஹார்மோனியக்காரர் உக்காந்ததும் முதல்ல என்ன செய்வார்? காலை வைப்பார். அப்புறம்தான் மத்ததெல்லாம். கீபோர்டு பாவம் என்ன பண்ணும்?

சரி, ஆன் பண்ணிட்டுக் காலை வைங்கப்பான்னு சொன்னோம். அம்மா பக்கத்துல நின்னு காலைத் தள்ளிவிட்டு ஆன் பண்ணினாங்க. அப்பவும் சரியா வரலை. அந்தத் தடவை ஊருக்குப் போனப்ப தரையில உக்காந்து ஒரு அரைமணி நேரம் அப்பா காலையே பார்த்தேன். அப்பதான் புரிஞ்சது. அந்தச் சதுரப் பெடலோட ஸ்பிரிங் ரொம்ப மெத்துனு இருக்கு. அப்பா பாதம் சும்மா அதுமேல இருந்தாலே போதும், அமுங்கிடுது. அவர் காலை எடுத்துட்டதா நினைக்கிறார், பெடல் எடுக்கலைங்குது. "எடுக்கத்தாம்லே செய்தேன்"ங்கிறார். முகத்தைப் பார்க்க முடியலை.

இடது காலை வைங்கன்னு சொல்லலாமேன்னு கேப்பீங்க. ஒயர்ல தொங்குற பெடல்தானே, எந்தக் காலுக்கும் வைக்கலாம், தப்பே இல்லை. சொன்னேன். "வலது காலு என்ன அழகுக்கா இருக்கு?"ன்னார். அதுக்குமேல நான் பேசலை. (மோட்சார்ட் 1777ல தன் அப்பாவுக்கு எழுதின கடிதத்துல, ஸ்டைன் செஞ்ச பியானோவுல டேம்பரை முழங்காலால தள்ளித் தூக்குற அமைப்பு எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு புகழ்ந்திருக்கார். இதையும் அப்பாகிட்ட சொல்லிப் பார்த்தேன். "அவருக்கு முழங்கால் வலி இல்லை போலிருக்கு"ன்னு பதில் வந்தது.)

ஆக, தேட வேண்டியது பிராண்டு இல்லை, ஸ்பிரிங். கால் தானா எழும்பாதுன்னா ஸ்பிரிங்தான் அதைத் தூக்கிவிடணும். இதை எந்தப் பெட்டி மேலயும் அச்சடிக்க மாட்டாங்க. அம்மாவோட சமையல்கட்டுத் தராசைக் கீழ வச்சு, குதிகாலைத் தரையில ஊனி, முன்பாதத்தை மட்டும் தராசுல வைக்கச் சொன்னேன். சும்மா வச்சதுக்கே தொள்ளாயிரம் கிராம் பக்கம் காட்டினது. மெட்ராஸ் திரும்பினதும் ஒரு கிலோ தூள் உப்பு பாக்கெட்டைப் பையில போட்டுக்கிட்டு மவுண்ட் ரோடு பக்கம் கடை கடையா ஏறினேன். பெடல் முனையில உப்பு பாக்கெட்டை வச்சா அது இறங்கக் கூடாது. இதான் பரீட்சை. ஒரு கடைக்காரர் என்னை மந்திரவாதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சதுரப் பெட்டி ரகம் ரெண்டும் உப்புக்கே படுத்துடுச்சு. பியானோ பெடல் மாதிரி நீளமா உலோக நாக்கு வச்ச ரகத்துல ஒண்ணு கொஞ்சம் இறங்குச்சு, ஒண்ணு அசையவே இல்லை. அசையாததை வாங்கினேன். அடியில ஜாதி மாத்துற குட்டி சுவிட்ச்சும் இருந்தது, நல்லதாப் போச்சு.

அந்தக் கடையில அரைமிதி பெடல் ஒண்ணை எடுத்துக்கங்கன்னு ரொம்ப வற்புறுத்தினாங்க. கொஞ்சமா மிதிச்சா கொஞ்சமா இழுக்கும், யமஹாவுல எஃப்சி3ஏன்னு வருது. நல்ல சரக்குதான், ஆனா அதைப் புரிஞ்சுக்கிற கீபோர்டு வேணும். பி-125 மாதிரி டிஜிட்டல் பியானோவுக்குப் புரியும். இ373க்கு ஆமா, இல்லை ரெண்டுதான் தெரியும். அதோட கையேட்டுல எஃப்சி4ஏ, எஃப்சி5 ரெண்டு பேர்தான் இருக்கு. நீங்க வாங்கப் போகும்போது கடைக்காரர் பேச்சைக் கேக்குறதுக்கு முன்னாடி கையேட்டுல ஜாக் பக்கத்தைப் புரட்டிடுங்க. பொம்மை சைஸ் கீபோர்டு சிலதுல, காசியோவோட எஸ்ஏ-46 மாதிரி, பெடல் ஜாக்கே கிடையாது. இன்னொண்ணு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற எஃப்சி7 மாதிரி பெடலும் பார்க்க இதே சாயல்ல இருக்கும். அது வேற வேலை.

புதுப் பெடலை ஊர்ல கொண்டுபோய் வச்சா, அது மொசைக் தரையில வழுக்கிக்கிட்டு சுவத்துக்குப் போகுது. ஸ்பிரிங் கெட்டின்னா மிதியும் பலமா விழுதில்லையா. ஆசாரி ஒரு பலகை அடிச்சுக் கொடுத்தார். முன்பக்கம் பெடலை ஒட்டிப் பிடிக்கிற பட்டை, பின்பக்கம் குதிகாலுக்கு ஒரு இஞ்ச் உசரத்துல கட்டை. குதிகால் உசந்ததால கணுக்காலுக்கு வேலை பாதியாயிடுச்சு. நாற்காலியோட முன்கால் ரெண்டும் பலகையோட பின்முனை மேல. இனி எங்கயும் ஓடாது.

முதல்நாள் ரொம்ப மெதுவா ஒரு பாமாலை வாசிச்சார். கார்டு மாறும்போது பெடல் 'டக்'னு அவர் காலை மேல தூக்கினது கண்ணுக்கே தெரிஞ்சது. ரெண்டு அடி சுத்தமா வந்தது, மூணாவது அடி குழம்பிடுச்சு. திரும்ப முதல்லேருந்து. அம்மா அடுப்படியிலேருந்து வெளிய வரவே இல்லை, ஆனா மிக்ஸி நின்னுடுச்சு. இருபது நிமிஷத்துல கால் அசந்துபோச்சு, அன்னைக்கு அவ்வளவுதான். தினம் சாயங்காலம் இருபது நிமிஷம்னு கணக்கு வச்சுக்கிட்டார். பிசியோ தம்பி ஒருநாள் வந்து பார்த்துட்டு, தான் சொன்ன பயிற்சியை விட்டுடாதீங்க, இதையும் செய்யுங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

கோயிலுக்குப் போக நாலு மாசம் ஆச்சு. பலகையையும் பெடலையும் நான்தான் ஆட்டோவுல தூக்கிட்டுப் போனேன். மொத்தம் அஞ்சு பாட்டு. அப்பா ரெண்டு, அந்தப் பையன் மூணு. அப்பாவோட ரெண்டாவது பாட்டுல கடைசிச் சரணத்துக்கு முன்னாடி கால் ஒத்துழைக்கலை. அவர் நைசா இடது காலை நீட்டி, பலகை மேல சாய்ச்சு, அதே பெடலை இடது காலால மிதிச்சு முடிச்சுட்டார். யாருக்கும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சதுன்னு அவருக்கும் தெரியும்.

போன வாரம் போன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹார்மோனியத்துல வேகமா மிதிச்சா சத்தம் கூடுமில்லா? இதுல அது இல்லையே. அதுக்கு ஒரு பெடல் உண்டாம்லா?" உண்டுப்பான்னேன். இ373ல அதுக்கு ஜாக் இல்லை, அடுத்த படிக் கீபோர்டுக்குத்தான் போகணும். விலையை இன்னும் சொல்லலை. முதல்ல அக்காகிட்ட பேசணும்.