அசல் ஏன் கரையவில்லை?



நேற்று மாலை பட்டினப்பாக்கம் கடற்கரையில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். சீனிவாசபுரத்துப் பையன். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தார். "கடன் வாங்கியாவது இன்ஜினியரிங் படிடா" என்று அவனை வங்கிக்கு அனுப்பியவன் நான்தான்.

"சார், ரெண்டு வருஷமா மாசம் தவறாம கட்றேன். 1,71,000 ரூபா போச்சு. அசல்ல 70,000கூட முழுசா குறையல. அம்மா வாங்குற தண்டலாவது நூறு நாள்ல தீந்துடும் சார்" என்றான்.

சுருக்கென்றது. மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வருடம் ஒரு லட்சமாக 4 லட்சம், 10 சதவீத வட்டி. படிப்பு 4 ஆண்டு, அதன்பின் 1 ஆண்டு தவணை கிடையாது. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருந்தது, மொத்தம் 1,40,000. ஆகவே தவணை தொடங்கியபோது கடன் 5,40,000. 10 ஆண்டுக்கு மாதம் 7,136. முதல் தவணையில் 4,500 வட்டிக்கே போனது, அசலுக்கு 2,636தான்.

இப்போது பாக்கி 4,70,000, இன்னும் 8 ஆண்டு. மாதம் 10,000 கட்டினால் 5 ஆண்டில் முடியும். சுமார் 85,000 மிச்சம்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. கூடுதலாகக் கட்டும்போது, "அசலில் வரவு வையுங்கள், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

இனி கடன் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். இந்தக் கணக்கில் முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான். அப்படிக் கட்டினால் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக் கடனுக்கு அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டியை ஏற்கும் மத்திய அரசின் மானியத் திட்டம் 2009 முதல் உண்டு. உங்கள் கல்லூரிக்குப் பொருந்துமா என்று வங்கியில் கேளுங்கள்.

அவன் வீட்டுக்கே அது கிடைத்திருக்கலாம். நான் சொல்லவில்லை, அன்று எனக்கே தெரியாது. தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் நடத்தினேன். கடன் பத்திரத்தைப் படிக்கச் சொல்லித் தரவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கல்விக் கடன் உள்ளவர்கள் கணக்கு அறிக்கையோடு வீட்டுக்கு வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் இருப்பேன். இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது, காபி உண்டு.

வாழ்க வளமுடன்.