இறக்கத்தில் கேட்கும் வெடிச்சத்தம்

கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் சாலை வளைவுகள் நிறைந்தது. அந்தச் சாலையில் பழைய காரை ஓட்டி வருபவர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதில்லை. கியரைக் குறைத்து, முடுக்கியிலிருந்து காலை எடுத்து, இயந்திரமே வண்டியின் வேகத்தை அடக்கும்படி விடுவார். சில பழைய கார்களில் அப்பொழுதுதான் பின்புறத்திலிருந்து ‘பட்... பட்... படார்’ என்று சத்தம் கிளம்பும். மீண்டும் முடுக்கியை மிதித்தால் சத்தம் நின்றுவிடும்.

இன்றைய பந்தய வகைக் கார்கள் சிலவற்றில் இதே சத்தம் கணினியின் உதவியோடு வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது. அதற்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவரவர் ரசனை அவரவருக்கு. ஆனால், கார்ப்பரேட்டர் பொருத்திய ஒரு பழைய காரில் திடீரென்று இச்சத்தம் தொடங்கினால், அதை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கோ ஒன்று பழுதாகியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

மலேசியாவில் ‘பழைய கார்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முதல் தலைமுறை புரோட்டோன் சாகா. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான அந்தக் காரில் மிட்சுபிஷி நிறுவனத்தின் 1.3 லிட்டர் இயந்திரம் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் வேலையைக் கார்ப்பரேட்டர் செய்தது. இப்போதைய கார்களில் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று இழுக்கும் வரை அது பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சத்தம் பிறக்கும் இடம் இதுதான். முடுக்கியை விட்டதும் கார்ப்பரேட்டரின் காற்றுக் கதவு மூடிக்கொள்கிறது. ஆனால், சக்கரங்கள் உருண்டுகொண்டிருப்பதால் பிஸ்டன்கள் தொடர்ந்து மேலும் கீழும் ஓடுகின்றன. உள்ளே வரும் காற்று மிகக் குறைவு; உறிஞ்சும் விசையோ மிக அதிகம். அந்த விசை, உள்ளிழுக்கும் குழாயின் சுவரில் படிந்திருந்த பெட்ரோலையும் ஆவியாக்கி இழுத்துக்கொள்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணத்தில் இக்கணக்கு குலைந்துவிடுகிறது. பிளக் பொறியைக் கொடுத்தாலும் கலவை சரியாகப் பற்றிக்கொள்வதில்லை. எரியாத பெட்ரோல் ஆவி அப்படியே புகைக்குழாய்க்குள் தள்ளப்படுகிறது.

புகைக்குழாயில் எரிபொருள் வந்துவிட்டது. சூடும் அங்கே தாராளமாக இருக்கிறது. தீப்பிடிக்க இன்னும் வேண்டியது காற்று ஒன்றுதான். அது எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும் என்பது எல்லாரும் அறிந்ததே. அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளேயும் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புகை ஒரே சீராக ஓடும் ஆறு அன்று. ஒவ்வொரு சிலிண்டரும் விட்டுவிட்டு அதைத் தள்ளுகிறது. ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் இடையில் குழாயின் உள்ளே அழுத்தம் குறைந்து, ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்படுகிறது. எரியாத பெட்ரோல், சூடு, புதிய காற்று ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் ‘படார்’ என்று வெடிக்கிறது.

நல்ல மெக்கானிக் இதை அறிந்திருப்பதால் உடனே திருப்புளியைக் கையில் எடுப்பதில்லை. முதலில் கேள்வி கேட்பார். “அண்ணே, சத்தம் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா? முடுக்கியை மிதிக்கும்போதா, விடும்போதா? அண்மையில் என்ன வேலை செய்தீர்கள்?” இந்தக் கேள்விகளுக்கு ஒரு காசும் செலவில்லை; ஆனால், இவை தேடும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். கார்ப்பரேட்டர் வழியாக முன்னால் வெடித்தால் அது வேறு வகைப் பழுது. முடுக்கியை மிதிக்கும்போது வெடித்தால் பிளக்கையோ அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியையோ சந்தேகிக்க வேண்டும். சென்ற வாரம் சைலன்சர் மாற்றிய பிறகுதான் சத்தம் தொடங்கியது என்றால், மாற்றியவர் இணைப்பில் கேஸ்கெட்டைச் சரியாக வைத்தாரா என்று பார்த்தாலே போதும்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தோடு குழாய் சேரும் இடம் எல்லாவற்றிலும் முக்கியமானது. அங்கேதான் சூடு மிகுதி. அங்கே விழும் மயிரிழை விரிசல்கூட வால்முனையில் இருக்கும் பெரிய ஓட்டையைவிட அதிகமாகச் சத்தம் எழுப்பும். கேஸ்கெட் தேய்ந்திருந்தால் அதன் ஓரத்தில் கரி படிந்து கறுப்புக் கோடுகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பட்டறைகளில் வேறு வழி உண்டு. குளிர்ந்த இயந்திரத்தைத் திறந்த வெளியில் ஓடவிட்டு, தடித்த கையுறை அணிந்த ஒருவர் வால்முனையைத் துணியால் ஓரிரு விநாடி அடைப்பார். மற்றவர் முன்னால் காது கொடுத்துக் கேட்பார். ‘உஸ்’ என்று ஒலி வரும் இடமே ஓட்டை இருக்கும் இடம். அனுபவம் இல்லாதவர் வீட்டில் செய்து பார்க்க வேண்டிய சோதனை அன்று இது.

புகைக்குழாயில் குறை இல்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை கார்ப்பரேட்டரைச் சுற்றியுள்ள மெல்லிய இரப்பர்க் குழாய்கள். இயந்திரச் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்து அவை விறைத்து வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகுந்தால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையும் சரியாகப் பற்றாது. முடுக்கியை விட்டதும் காற்றுக் கதவு படாரென்று மூடாமல் மெல்ல மூடச் செய்யும் சிறு கருவி, அக்காலக் கார்ப்பரேட்டர்கள் பலவற்றில் உண்டு. அது செயலிழந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நிறமே பாதிக் கதையைச் சொல்லும். இளம்பழுப்பு என்றால் நலம். கரி பூத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. பொறி விழும் நேரம் தாமதமாகியிருந்தால், எரிந்து முடிவதற்குள் வால்வு திறந்து நெருப்பே குழாய்க்குள் போய்விடும்.

கலவையைத் திருத்தும் சிறிய திருகாணி ஒன்று கார்ப்பரேட்டரில் இருக்கிறது. அதைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பலர் அதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். திருகாணியைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால் சில நேரங்களில் சத்தம் அடங்கும். உரிமையாளரும் மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால், ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பெட்ரோல் செலவும் கூடும். காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல் வெப்பமானியை ஒளித்து வைப்பது போன்ற வைத்தியம் அது.

இதில் பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரத்தின் அருகே இருக்கும் கசிவிலிருந்து அது காற்றுத் துளைகள் வழியாகக் காருக்குள் வரக்கூடும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நெடுந்தூரம் போகும் குடும்பத்தில் பின்னிருக்கைப் பிள்ளைகள் தலைவலி என்றும் குமட்டல் என்றும் சொன்னால், அது மலைப்பாதையின் வளைவுகளால் மட்டுமே வந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. சத்தத்தோடு பழகிவிட்டவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

பழுதைக் கண்டுபிடித்துப் புதிய கேஸ்கெட் வைத்தபின், இயந்திரம் ஒரு முறை சூடாகிக் குளிர்ந்ததும் மரைகளை மீண்டும் சரிபார்ப்பது பட்டறைகளில் நல்ல வழக்கம். பிறகு அதே காரை, அதே இறக்கத்தில், அதே கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சமதளச் சாலையில் ஓட்டிவிட்டுச் சத்தம் இல்லை என்று சொல்வதில் பயனில்லை. நீண்ட இறக்கத்தில் எப்போதாவது ஒரு முறை ‘பட்’ என்று மெல்லிய ஒலி மட்டும் கேட்டால், கார்ப்பரேட்டர் உள்ள பழைய காருக்கு அது இயல்புதான்; அதற்காக மறுபடியும் பட்டறைக்கு அலைய வேண்டியதில்லை.